ஏர்லெஸ் பெயின்ட் பம்ப்: ஓட்டிப் பார்ப்பது, எண்ணெய் விடுவது, வடிப்பது

ஏர்லெஸ் பம்ப் என்பது காற்றைக் கலக்காமல் பெயின்டையே அதிக அழுத்தத்தில் தள்ளி, ஹோஸ் வழியாகக் கன்னால் பீச்சும் மெஷின். செட்டிநாட்டு வீடுகளில் முகப்பில் தொடங்கி, நடுக்கட்டான வளவைச் சுற்றிப் பின்கட்டு வரை பெயின்ட் அடிக்க வேண்டியிருக்கும். தூரம் போதவில்லையென்றால் கரண்ட் ஒயரை நீட்டாதீர்கள், பெயின்ட் ஹோஸை நீட்டுங்கள். நீண்ட ஒயரில் வோல்டேஜ் இறங்கும்; மோட்டார் திணறிச் சூடேறும். பம்பை வளவின் திறந்த முற்றத்தில், அடிக்கும் இடத்திலிருந்து 6 மீட்டராவது தள்ளி, எர்த் உள்ள பிளக்கில் மாட்டுங்கள்.

மெஷினில் கை வைக்கும் முன் பிரஷரை இறக்க வேண்டும். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பிரஷர் திருகை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து, கன்னை வாளிக்குள் பிடித்து டிரிகரை அழுத்திவிட்டு, பிரைம் வால்வை (பெயின்டை ஹோஸுக்கு அனுப்பாமல் திரும்பும் குழாய் வழியே வாளிக்கே விடும் வால்வு) திறந்து, டிரிகரைப் பூட்டுங்கள். ஹோஸுக்குள் இருக்கும் அழுத்தம் ஏறக்குறைய 3000 பிஎஸ்ஐ; கார் டயரில் இருப்பதைப்போல நூறு மடங்கு. அது தோலைத் துளைத்துப் பெயின்டை உள்ளே செலுத்திவிடும். வெளியே ஊசி குத்திய அளவு காயம்தான் தெரியும். கட்டுப்போட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாது. அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும், அடித்தது என்ன பெயின்ட் என்றும் சொல்ல வேண்டும்.

சோதிக்கத் தண்ணீர் போதும். பிரைம் வால்வு திறந்தபடி ஓடவிட்டு, திரும்பும் குழாயில் குமிழி இல்லாமல் தண்ணீர் வந்ததும் வால்வை மூடிப் பிரஷரை ஏற்றுங்கள். டிரிகரை விட்டதும், பம்பில் மேலும் கீழும் போய்வரும் பிஸ்டன் ராடு நின்றுவிட வேண்டும். நிற்காமல் மெல்ல மேலே ஏறினால் பிஸ்டன் பேக்கிங்கோ (கசிவைத் தடுக்கும் வளையம்) பிஸ்டனிலுள்ள குண்டோ (வழியை மூடித் திறக்கும் உருண்டை) தேய்ந்திருக்கிறது. கீழே இறங்கினால் அடியில் பெயின்ட் உள்ளே வரும் வழியிலுள்ள இன்லெட் குண்டு சரியாக உட்காரவில்லை. பெரும்பாலும் அதில் காய்ந்த பெயின்ட் துணுக்கு சிக்கியிருக்கும்.

ராடு மேலே வரும் இடத்தில் ஒரு சின்னக் கிண்ணம்போல இருக்கும். வேலை தொடங்கும் முன் தினமும் அதில் ‘த்ரோட் சீல்’ எண்ணெய் சில சொட்டு விடுங்கள். ராடில் ஒட்டி வரும் பெயின்ட் அங்கே காய்ந்தால் உப்புத்தாள்போல ஆகி, ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் பேக்கிங்கை அறுக்கும். கிண்ணத்தில் பெயின்ட் ஊறி வந்தால் அங்குள்ள நட்டைக் கசிவு நிற்கும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். அதற்கு மேல் இறுக்கினால் பேக்கிங் சீக்கிரம் போய்விடும். சுண்ணாம்பை இந்தப் பம்பில் ஊற்றவே வேண்டாம். அதிலுள்ள பொடிக்கல் ராடைக் கீறிவிடும். சுண்ணாம்புக்கு மட்டைதான் சரி.

எமல்ஷன் அடித்து முடித்ததும் பிரஷரை இறக்கி, கன்னின் முனையிலுள்ள டிப்பைக் கழற்றி, உறிஞ்சும் குழாயைத் தண்ணீர் வாளிக்கு மாற்றிக் குறைந்த பிரஷரில் ஓட்டுங்கள். கால் அங்குல ஹோஸ் 15 மீட்டர் என்றால் அதற்குள் அரை லிட்டர் பெயின்ட் நிற்கும். நீர்த்து வரும் வரை அதை டப்பாவிலேயே பிடித்துக்கொள்ளலாம். பிறகு கன்னை வேறு வாளிக்கு மாற்றித் தெளிந்த தண்ணீர் வரும் வரை கழுவுங்கள். பிரைம் வால்வைத் திறந்து திரும்பும் குழாயையும் கழுவ வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். மறுபடி பிரஷரை இறக்கி, பம்பிலும் கன்னிலும் உள்ள ஃபில்டர்களை மென்மையான பிரஷ்ஷால் தேயுங்கள்.

தேக்குக் கதவுக்கு வார்னிஷ் அடித்திருந்தால் கழுவத் தண்ணீருக்குப் பதில் டர்பன்டைன். இரும்பு வாளியை எர்த் செய்து, கன்னின் உலோகப் பகுதி வாளி விளிம்பைத் தொட்டபடி டிரிகரை அழுத்துங்கள். இல்லையென்றால் நிலைமின்சாரப் பொறி ஆவியில் பற்றும்.

கடைசியில் உறிஞ்சும் குழாயைத் தூக்கிச் சில விநாடி ஓடவிட்டால் உள்ளே இருப்பது வடியும். அரை நிமிடத்துக்கு மேல் வறண்டு ஓடக் கூடாது. தண்ணீரை உள்ளே விட்டுவைத்தால் துருப் பிடிக்கும், உப்பு போர்த்தண்ணீர் என்றால் குண்டில் வெள்ளையாகப் படியும். அதனால் டர்பன்டைனை உறிஞ்சவைத்து உள்ளேயே நிறுத்திவையுங்கள். மறுநாள் பம்ப் உறிஞ்சாவிட்டால் பிளக்கைப் பிடுங்கி, குழாயைக் கழற்றி, ஒரு பென்சிலால் அடியிலிருந்து இன்லெட் குண்டை மேலே தள்ளிவிடுங்கள், பெரும்பாலும் விட்டுக்கொடுத்துவிடும்.