மேல் வீட்டு பாத்ரூமும் சொட்டு நீலமும்

எங்கள் மடிப்பாக்கம் ஃபிளாட் 1994-ல் கட்டியது. 12 வீடு, ஒரே போர்வெல், உப்புத் தண்ணீர். போன ஐப்பசியில் என் பாத்ரூம் சீலிங்கில் ஈரம் ஊறி, பெயின்ட் அப்பளம் மாதிரி உப்பி உதிர்ந்தது. மேல் வீட்டு மாமியிடம் போய்ச் சொன்னால், "எங்காத்துல ஒரு சொட்டு ஒழுகலையே" என்றார். அதுவும் பொய்யில்லை. ஒழுகுவது கீழ் வீட்டுக்காரனுக்குத்தானே தெரியும்!

பிளம்பர் வந்ததும் உடைக்கலாம் என்றார். நான் விடவில்லை. தண்ணீர் லைன் வால்வைத் திறந்தே வைத்து, மேல் வீட்டு பாத்ரூமை மட்டும் இரண்டு நாள் புழங்காமல் பூட்டி வைக்கச் சொன்னேன். சொட்டுவது குறைந்தது. தண்ணீர் லைனில் ஓட்டை என்றால் ராத்திரி பகல் ஒழுகியிருக்கும். ஆக, கழிவுநீர் பக்கம்தான் கோளாறு. பிறகு சொட்டு நீலம் கலந்து ஒரு பக்கெட் தண்ணீரை அங்கே நானி ட்ராப்பில் (தரைத் தண்ணீர் வடியும் ஜாலிக்குக் கீழே இருக்கும் கிண்ணம்) ஊற்றினோம். மறுநாள் என் சீலிங்கில் உள்ளங்கை அகலத்துக்கு நீலத் திட்டு. மாமி வந்து பார்த்துவிட்டு, "சரி, உடைக்கச் சொல்லுங்கோ" என்றார்.

ட்ராப்பைச் சுற்றியிருந்த சிமெண்ட் விரலால் சுரண்டினாலே உதிர்ந்தது. புது ட்ராப் வைத்து, வாட்டர்ப்ரூஃபிங் பூசி, டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் 24 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பார்த்தோம். இதை மட்டும் பிளம்பர் அவசரத்துக்கு விட்டுக்கொடுக்காதீர்கள்.

உடைத்த இடத்தில் தண்ணீர் வரும் பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பும் தெரிந்தது. துருவும் உப்பும் படிந்து உள்ளே பென்சில் நுழையும் துளைதான் மிச்சம். அதையும் பிளம்பர் துருப்பிடிக்காத சிபிவிசி பிளாஸ்டிக் பைப்புக்கு மாற்றிவிட்டார். ட்ராப் செலவு மாமியுடையது, சீலிங் பூச்சு என்னுடையது. ஷாஃப்டில் (எல்லா மாடி பைப்பும் இறங்கும் சந்து) இருக்கும் பொது பைப் பற்றி அசோசியேஷனில் இன்னும் பேசிக்கொண்டேதான் இருக்கிறோம்.