ஏற்காட்டு மலைப்பாதைக்காகக் காரின் இ.சி.யு.வை ரீமேப் செய்தல்

சேலம் நகருக்குள் எந்தக் குறையும் காட்டாத டர்போ டீசல் கார், ஏற்காடு அடிவாரத்தைத் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாம் கியரில் திரும்பி மேலேற முற்படும்போது மட்டும் ஒரு கணம் இழுவையின்றித் தொய்வடைவதைப் பலரும் உணர்ந்திருப்பார்கள். வளைவில் எஞ்சின் 1,500 ஆர்.பி.எம்.முக்குக் (நிமிடத்துக்கு 1,500 சுற்றுகளுக்குக்) கீழே இறங்கிவிடுவதால் டர்போ போதிய காற்றை உள்ளே தள்ளுவதில்லை என்பதே இதற்குக் காரணம். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு.வில் பதிந்துள்ள எரிபொருள் அளவு, பூஸ்ட் அழுத்தம் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்), டார்க் (முறுக்குவிசை) வரம்பு ஆகிய அட்டவணைகளைத் திருத்தி இந்தத் தொய்வைக் குறைப்பதுதான் ரீமேப். டர்போ இல்லாத பெட்ரோல் கார்களில் கிடைக்கும் பலன் மிகச் சொற்பம் என்பதால், அவற்றுக்கு இந்தச் செலவை நான் பரிந்துரைப்பதில்லை.

முதலில் வண்டி நலமாக இருக்கிறதா என்று பாருங்கள். இதை நான் வலியுறுத்திச் சொல்வதற்கு என் அனுபவமே காரணம். என் காரில் இழுவை குறைந்தபோது ரீமேப் செய்வதென்றே முடிவெடுத்திருந்தேன். அதற்கு முந்தைய நாள் பட்டறையில், டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாய் இணைப்பில் விரலை வைத்துப் பார்த்தால் கரிய எண்ணெய் ஒட்டிக்கொண்டது. கிளிப்புக்கு அடியில் ரப்பர் வெடித்திருந்தது. குழாயை மாற்றியதும் இழுவை தானாகவே திரும்பிவிட்டது. ஏர் ஃபில்டர், இன்ஜெக்டர், கிளட்ச் ஆகியவற்றையும் இவ்வாறே சோதித்து, இ.சி.யு.வைப் படிக்கும் ஸ்கேனரில் ஒரு பிழைக் குறியீடும் இல்லை என்று உறுதி செய்த பிறகே அடுத்த வேலைக்குப் போக வேண்டும்.

அடுத்து, மாற்றம் செய்வதற்கு முன்பே ஸ்கேனர் காட்டும் அளவுகளைப் பதிவு செய்து வையுங்கள். ஸ்கேனரைக் காரின் ஓ.பி.டி. (பழுதறியும்) சாக்கெட்டில் பொருத்தி, எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பினால், எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் சேலத்தில் ஏறக்குறைய 98 கிலோபாஸ்கல் காட்டும். சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் அதே எண் 85-ஐ ஒட்டி நிற்கும். அதாவது மேலே காற்றழுத்தம் சுமார் 13 சதவீதம் குறைவு. அதே பூஸ்ட்டை எட்ட டர்போ அங்கே கூடுதல் வேகத்தில் சுழல வேண்டியிருப்பதால், அதைக் காப்பதற்கென்று தயாரிப்பாளர் வைத்துள்ள உயரத் திருத்த அட்டவணையைத் தொடவே கூடாது.

பேட்டரியில் மின்னழுத்தம் குறையாதபடி சார்ஜிங் சாதனத்தை இணைத்துவிட்டு, இ.சி.யு.விலுள்ள மூலக் கோப்பைப் படித்து இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். திருத்திய கோப்பை இ.சி.யு.வில் எழுதும் வேலை பாதியில் நின்றால் வண்டி ஸ்டார்ட் ஆகாமலே போகலாம். கோப்பைத் திருத்துபவரிடம், மலையேற்றத்துக்கான தாழ்ந்த ஆர்.பி.எம். இழுவை போதும், உச்ச வேகம் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். அதே சமயம், 1,500-க்குக் கீழே டார்க்கைத் திடீரென உயர்த்தினால் கிளட்ச்சும் ஃப்ளைவீலும் அடிவாங்கும் என்பதால், ஏற்றம் படிப்படியாக இருக்க வேண்டும். இ.ஜி.ஆர். (புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி அனுப்புவது), டி.பி.எஃப். (புகையிலுள்ள கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி) போன்ற மாசுக் கட்டுப்பாட்டு அமைப்புகளைச் செயலிழக்கச் செய்யும் கோப்பு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் ஏற்காதீர்கள். அந்தப் புகையைச் சுவாசிப்பவர்கள் மலையில் வாழும் மக்கள்தான்.

பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்களுக்கு முரணாக வாகனத்தை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடை செய்கிறது. ஆகவே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுத் தெளிவதும், காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிப்பதும் அவசியம். வாரண்டி முடியாத காரென்றால் அதை இழக்க நேரலாம்.

எழுதி முடித்ததும் முழுத் திறனை டைனோவில் (வண்டியை உருளைகள்மீது நிறுத்தி ஓட்டித் திறனை அளக்கும் கருவி) மட்டும் சோதியுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பொதுச் சாலை அதற்கான இடமன்று. மலையில் வழக்கமான வேகத்தில் ஏறுகையில் ஸ்கேனர் பதிவைச் சேமித்து, அதைப் பழைய பதிவோடு வீட்டில் ஒப்பிட்டால் போதும். குளிர்நீர் வெப்பம் முன்பைவிட ஏறினாலோ, பின்னால் கரும்புகை தெரிந்தாலோ மூலக் கோப்பையே திரும்ப ஏற்றிவிடுங்கள். சர்வீஸுக்கு விடும்போது ரீமேப் செய்திருப்பதைச் சொல்லிவிடுங்கள். அவர்கள் மென்பொருளைப் புதுப்பித்தால் நீங்கள் ஏற்றிய கோப்பு அழிந்துவிடும்.