லண்டன் பார்ட்டிக்குச் சரக்கு ஏற்றும் முன்

மண்ணடியில் என் ஆபீசுக்கு ஏற்றுமதிப் பேப்பர் போட வருகிறவர்களில் வண்ணாரப்பேட்டை ரெடிமேட்காரர்கள் அதிகம். பிரிட்டன் ஆர்டர் என்றால் "பெரிய பேரு சார், பயமில்ல" என்பார்கள். பேரை விடுங்கள், கம்பெனியின் பதிவு நம்பர் என்ன என்று கேட்பேன்.

டெபன்ஹாம்ஸை விடவா பெரிய பேர்? 1778-இல் லண்டனில் தொடங்கிய கடை. 2020-இல் திவால் நடவடிக்கைக்குப் போனது. அடுத்த ஜனவரியில் இணையத்தில் துணி விற்கும் பூஹூ கம்பெனி 5.5 கோடி பவுண்டுக்குப் பெயரையும் இணைய வியாபாரத்தையும் மட்டும் வாங்கியது. கடைகளையும் பழைய கடனையும் எடுத்துக்கொள்ளவில்லை. இன்றும் அந்தப் பெயரில் வியாபாரம் நடக்கிறது, கம்பெனி வேறு.

பிரிட்டன் சட்டப்படி ஆர்டர் தாளிலும் வெப்சைட்டிலும் கம்பெனியின் பதிவுப் பெயரும் நம்பரும் இருக்க வேண்டும். எட்டு இலக்கம், ஸ்காட்லாந்து கம்பெனி என்றால் எஸ்சி என்று தொடங்கும். கேட்டும் தராத பார்ட்டியை அங்கேயே விட்டுவிடலாம்.

நம்பர் கிடைத்ததும் பிரிட்டன் கம்பெனிப் பதிவகமான கம்பெனீஸ் ஹவுஸ் தளத்தில் தேடுங்கள். காசு கிடையாது. 'ஆக்டிவ்' என்று பார்த்ததும் மூடிவிடாதீர்கள். கணக்கு தாக்கல் செய்தார்களா என்று பாருங்கள். தனியார் கம்பெனிக்கு நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதம் கெடு. சின்னக் கம்பெனிகள் லாப நட்டக் கணக்கைக் காட்டாமல் இருக்கலாம், ஆனால் பேலன்ஸ் ஷீட்டில் நிகர சொத்து மைனஸில் இருந்தால் கடனுக்குச் சரக்கு வேண்டாம். 'சார்ஜஸ்' (சொத்தை ஈடு வைத்து வாங்கிய கடன்) பகுதியில் பேங்க் பெயர் இருந்தால், கம்பெனி கவிழும்போது அந்த பேங்க் முதலில் எடுத்துக்கொள்ளும். நம் பில் கடைசி வரிசையில்தான்.

அப்புறம் முதலாளி யார் என்பது. 25 சதவீதத்துக்கு மேல் பங்கோ ஓட்டோ வைத்திருப்பவர் பெயர் 2016 முதல் பதிவில் இருக்க வேண்டும். அங்கே ஆளுக்குப் பதில் இன்னொரு கம்பெனி இருந்தால் அதன் நம்பரையும் தேடி மேலே போங்கள். பிரைமார்க் துணிக்கடைகளைப் பாருங்கள்: மேலே அசோசியேட்டட் பிரிட்டிஷ் ஃபுட்ஸ் கம்பெனி, அதற்கு மேல் விட்டிங்டன் கம்பெனி, அதில் பெரும்பங்கு ஓர் அறக்கட்டளைக்கு! இரண்டு பையர் இருக்கிறார்கள், ஒருவர் போனாலும் இன்னொருவர் என்று தைரியமாக இருப்பீர்கள். மேலே போனால் இருவருக்கும் ஒரே முதலாளியாக இருக்கலாம். இதைத்தான் நம்மவர்கள் யாரும் பார்ப்பதில்லை. பங்குச் சந்தையில் இருக்கும் லிஸ்டட் கம்பெனிக்கு இந்த முதலாளிப் பதிவு இருக்காது. 3 சதவீதம் தாண்டும் பங்கு பற்றிப் பங்குச் சந்தை அறிவிப்பில் தேட வேண்டும்.

டைரக்டர் பெயரை அழுத்தினால் அவருடைய மற்ற கம்பெனிகளும் வரும். வரிசையாகக் கலைக்கப்பட்டவையாக இருந்தால் அட்வான்ஸ் வாங்காமல் துணியை வெட்டாதீர்கள். டைரக்டர்களின் அடையாளச் சோதனை 2025 நவம்பரில்தான் கட்டாயமானது. அதற்கு முன் எழுதிக் கொடுத்ததே பதிவு, அதனால் கொஞ்சம் சந்தேகத்தோடே படியுங்கள்.

எல்லாம் சரி என்றால் இசிஜிசி (பையர் பணம் தராவிட்டால் ஈடு தரும் நம் அரசு நிறுவனம்) காப்புக்கு விண்ணப்பிக்கும்போதும் இன்வாய்ஸிலும் அதே பதிவுப் பெயர், அதே நம்பர். பையில் அச்சடித்திருக்கும் பிராண்டு பெயரை எழுதாதீர்கள்.