ஆளா, மெஷினா? குறைந்த செலவில் உற்பத்தி செய்யக் கணக்குப் போடும் முறை

சென்னை கொருக்குப்பேட்டையில் ஒரு மசாலாத்தூள் பேக்கிங் யூனிட் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 25 வேலை நாள், 2,40,000 பாக்கெட், ஒவ்வொன்றும் 100 கிராம். பன்னிரண்டு பேர் கையால் அள்ளி, எடை பார்த்து, ஹேண்ட் சீலரில் ஒட்டினாலும் வேலை முடியும். ஒரு ஆட்டோமேட்டிக் மெஷினும் இரண்டு பேரும் இருந்தாலும் முடியும். பாடப்புத்தகத்தில் இதற்குச் சம உற்பத்திக் கோட்டை (ஒரே அளவு சரக்கைத் தரும் ஆள், மெஷின் கலவைகள்) சமச் செலவுக் கோடு (ஒரே செலவில் கிடைக்கும் கலவைகள்) தொடும் புள்ளி என்று ஒரு படம் இருக்கும். அந்தப் படத்தை நோட்டில் எண்களாக எழுதிப் பார்ப்பதுதான் இந்தப் பதிவு. விலைகள் எல்லாம் உதாரணத்துக்கு. உங்கள் கொட்டேஷனை அதே இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: அளவை மாற்றாதீர்கள்

எத்தனை பாக்கெட் என்பதை முதலில் எழுதிவிட்டு, கடைசி வரை அதைத் தொடாதீர்கள். "மெஷின் வந்தால் மூணு லட்சம் போடலாமே" என்று நடுவில் அளவை ஏற்றினால் இரண்டு வேறு கேள்விகள் கலந்துவிடும். கூடுதல் சரக்கு விற்குமா என்பது தனிக் கணக்கு.

படி 2: அதே அளவைத் தரும் வழிகளை எழுதுங்கள்

அ: 12 பேர், ஹேண்ட் சீலர் மட்டும்.
ஆ: 9 பேர், ஒரு பேண்ட் சீலர், அதாவது பெல்ட்டில் நகரும் பாக்கெட்டின் வாயைச் சூட்டில் ஒட்டும் மெஷின் (விலை 36,000).
இ: 5 பேர், தூளை அளந்து நிரப்பும் செமி ஆட்டோ ஃபில்லரும் பேண்ட் சீலரும் (இரண்டும் சேர்ந்து 1,80,000).
ஈ: 2 பேர், முழு ஆட்டோமேட்டிக் பவுச் மெஷின் (6,00,000).

சம உற்பத்திக் கோடு என்பது இந்த நான்கு வரிகள்தான். மெஷினின் வேகத்துக்கு கேட்டலாக்கில் போட்டிருக்கும் எண்ணை அப்படியே எடுக்காதீர்கள். நிமிடத்துக்கு 40 என்று இருந்தால் 30 போடுங்கள். ரோல் மாற்றுவது, எடை சரிபார்ப்பது, தூள் ஒட்டிய இடத்தைத் துடைப்பது எல்லாம் அந்த வித்தியாசத்தில் அடங்கும்.

படி 3: ஆளின் விலை

சம்பளம் 13,500. தீபாவளி போனஸ் ஒரு மாதச் சம்பளம் என்றால் மாதத்துக்கு 1,125. டீ ஒரு நாளைக்கு 15 ரூபாய், 25 நாளுக்கு 375. ஆக, ஒருவருக்கு 15,000. மெஷின் ஓட்டும் ஆப்பரேட்டருக்கு இதே போல எல்லாம் சேர்த்து 22,000 வையுங்கள். ஹெல்ப்பர் சம்பளத்தில் ஆப்பரேட்டர் நிலைக்க மாட்டார்.

பத்து பேர் ஆனதும் இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) வரும்; முதலாளி பங்கு சம்பளத்தில் 3.25 சதவீதம். இருபது பேர் ஆனதும் பிஎஃப், முதலாளி பங்கு 12 சதவீதம். இது பத்தாவது ஆளுக்கு மட்டும் வரும் செலவு இல்லை, எல்லோருக்கும் சேர்த்து வரும். அதனால் சமச் செலவுக் கோடு அந்த இடத்தில் வழவழவென்று போகாமல் படி ஏறும். அ வழியில் 12 பேருக்கு மாதம் 5,265 ரூபாய் கூடுகிறது. டிரைவர், கணக்கு எழுதுபவர் எல்லோரும் எண்ணிக்கையில் சேர்த்தி என்பதால் ஆ வழியின் 9 பேர் அப்படியே 9 ஆக இருக்க மாட்டார்கள். ஆனால் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டப் பெயர்களை மறைக்கவே கூடாது. பாக்கெட்டை ஒட்டும் சூடான சீலிங் ஜாவில் கை வெந்தால் அந்த ஆளுக்கு மருத்துவச் செலவு தருவது அந்த இஎஸ்ஐ அட்டைதான்.

படி 4: மெஷினின் மாத வாடகை

பெரும்பாலானவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஆளின் விலை மாதக் கணக்கில் இருக்கிறது, மெஷினின் விலை மொத்தமாக இருக்கிறது. 6,00,000-ஐயும் 15,000-ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. சொந்த மெஷினாக இருந்தாலும், அதை நாமே நமக்கு வாடகைக்கு விட்டதாக நினைத்து மாத வாடகை கட்ட வேண்டும். அந்த வாடகையில் நான்கு தொகைகள் உண்டு.

தேய்மானம்: ஆயுள் 5 ஆண்டு, கடைசியில் 1,20,000-க்கு விற்கலாம் என்றால் மீதி 4,80,000-ஐ 60 மாதத்தால் வகுக்க 8,000.
வட்டி: 6,00,000-க்கும் 1,20,000-க்கும் சராசரி 3,60,000. ஆண்டுக்கு 12 சதவீதம் என்றால் மாதம் 3,600.
சர்வீஸ், ஸ்பேர்: 2,500.
கரண்ட்: மாதம் 300 யூனிட், யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 2,400.

மொத்தம் 16,500. இதே கணக்கில் இ வழிக்கு 5,500, ஆ வழிக்கு 1,200 வருகிறது.

இதில் மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கும்.

முதலாவது, வாடகைக்குப் பதில் இஎம்ஐ தொகையைப் போடுவது. 6,00,000 கடனை 12 சதவீதத்தில் 36 மாதத்தில் கட்டினால் தவணை ஏறத்தாழ 19,930. தேய்மானமும் வட்டியும் சேர்ந்தால் 11,600 மட்டுமே. ஐந்து ஆண்டு உழைக்கப்போகும் மெஷினின் அசலை மூன்றே ஆண்டில் திருப்பிக் கட்டுவதால் வரும் வித்தியாசம் இது. மாதாமாதம் கையில் பணம் இருக்குமா என்று பார்க்க இஎம்ஐ தேவை. எது மலிவு என்று பார்க்க அது தவறான எண். கடன் முடிந்த பிறகு அதே ஆட்கள் மெஷினை இலவசம் என்று கணக்கு போடுவார்கள். அதுவும் தவறுதான்.

இரண்டாவது, "என் சொந்தக் காசு, வட்டி கிடையாது" என்பது. அந்தப் பணம் வேறு இடத்தில் ஈட்டியிருக்கும் தொகை விட்டுப்போகிறது, அதையும் எழுதியாக வேண்டும்.

மூன்றாவது, ஆயுளைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவது. ராயபுரம், காசிமேடு, எண்ணூர் மாதிரிக் கடலோரத்தில் உப்புக்காற்று பேனல் போர்டு, பேரிங் எல்லாவற்றையும் சீக்கிரம் அரித்துவிடும். ஆயுளை 4 ஆண்டாகக் குறைத்தால் தேய்மானம் மட்டும் 10,000 ஆகிறது. மழைத் தண்ணீர் தேங்கும் தெருவானால் மெஷினுக்குக் கீழே ஒரு அடி மேடை கட்டும் செலவையும் விலையோடு சேருங்கள்.

ஜிஎஸ்டி கிரெடிட் (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) எடுப்பவர்கள் வரி நீங்கலான விலையைப் போடலாம். காம்போசிஷனில் (அந்தக் கிரெடிட் இல்லாத எளிய வரித் திட்டம்) இருப்பவர்கள் வரியோடு போட வேண்டும்.

படி 5: கூட்டிப் பாருங்கள்

அ: 1,80,000 + 5,265 = 1,85,265
ஆ: 1,35,000 + 1,200 = 1,36,200
இ: 75,000 + 5,500 = 80,500
ஈ: 37,000 + 16,500 = 53,500

மொத்தத்தைப் பார்த்தாலே விடை தெரிகிறது. ஆனாலும் ஒவ்வொரு படியாக இறங்கிப் பாருங்கள். இ-யிலிருந்து ஈ-க்குப் போனால் மெஷினுக்கு 11,000 கூடுகிறது, கூலியில் 38,000 மிச்சமாகிறது. மிச்சம் பெரிதாக இருக்கும் வரை மெஷின் பக்கம் போகலாம். கூடுதல் செலவு மிச்சத்தைத் தாண்டினால் நின்றுவிட வேண்டும்.

புத்தகத்தில் இதையே இறுதிநிலை உற்பத்தியை (கடைசியாகச் சேர்த்த ஒன்றால் கூடும் உற்பத்தி) விலையால் வகுத்தால் இரண்டு பக்கமும் சமமாக வர வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். இன்னொரு ஆள் 15,000-க்கு 12,000 பாக்கெட் கூட்டுகிறார் என்றால் ரூபாய்க்கு 0.8 பாக்கெட். இன்னொரு ஃபில்லர் 5,500-க்கு 9,000 கூட்டுகிறது என்றால் ரூபாய்க்கு 1.6. அதிகம் போடுவது ஆள்தான், ஆனாலும் அடுத்த ரூபாய் போக வேண்டிய இடம் ஃபில்லர். ஃபில்லர்களை அடுக்கிக்கொண்டே போனால் தூள் கொட்டவும் பாக்கெட் எடுக்கவும் ஆள் போதாமல் அந்த 1.6 இறங்கிக்கொண்டே வரும். இரண்டு பக்கமும் சமமாகும் இடத்தில் நிறுத்துங்கள்.

படி 6: அளவைக் குறைத்து மறுபடி போடுங்கள்

ஆர்டர் மாதம் 60,000 பாக்கெட்டாக இருந்தால்? கையால் செய்ய 3 பேர், 45,000. பேண்ட் சீலரோடும் அதே 3 பேர்தான், 46,200. செமி ஆட்டோவில் 2 பேர், 35,500. ஆட்டோமேட்டிக்கில் கரண்ட் குறைந்தாலும் 51,700. பெரிய மெஷின் இப்போது எல்லாவற்றிலும் விலை கூடியதாகிவிட்டது. இந்த எண்களில் 60,000-லிருந்து 1,44,000 பாக்கெட் வரை செமி ஆட்டோ, அதற்கு மேல் ஆட்டோமேட்டிக். அரை மெஷின் வாங்க முடியாது என்பதால்தான் இப்படி. ஆர்டர் அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கும் வரை பெரிய மெஷின் வைத்திருப்பவரிடம் ஜாப் ஒர்க் கொடுத்து, அவர் கேட்கும் பாக்கெட் விலையை ஐந்தாவது வழியாக அட்டவணையில் சேருங்கள்.

இந்த வேலைக்கு கூகுள் ஷீட் போதும். கிராஃப் வரையும் ஆப், இஎம்ஐ ஆப் எதுவும் வேண்டாம். விலை, ஆயுள், மறுவிற்பனை, வட்டி என்ற நான்கையும் தனித்தனிக் கட்டங்களில் வைத்தால் ஒன்றை மாற்றும்போது எல்லாம் தானாக மாறும்.

பின்சேர்க்கை

தையல் யூனிட்டுக்கு இது பொருந்துமா என்று பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து பலர் கேட்டிருக்கிறார்கள். தைக்கும் இடத்தில் பொருந்தாது. ஒரு டெய்லருக்கு ஒரு மெஷின். ஆள் இல்லாத இரண்டாவது மெஷினால் ஒரு நைட்டிகூட அதிகம் வராது. அங்கே சம உற்பத்திக் கோடு வளையாது, ஆங்கில எல் எழுத்து மாதிரி மடங்கி நிற்கும். தெரிவு இருப்பது துணி வெட்டும் மேசையில். கத்தரியா, கட்டிங் மெஷினா என்பதற்கு மேலே உள்ள படிகளை அப்படியே போடலாம்.

காசிமேட்டில் ஐஸ் உடைக்க மெஷின் வாங்கலாமா, தினக்கூலிக்கு ஆள் வைக்கலாமா என்று வந்த கேள்விக்குப் படி 4-இல் ஒரு திருத்தம் தேவை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாத நாளில் தினக்கூலி நின்றுவிடும். தேய்மானமும் வட்டியும் நிற்காது. ஆகவே அவற்றின் ஆண்டுத் தொகையை 12-ஆல் வகுக்காமல் 10-ஆல் வகுங்கள். ஆண்டுக்கு 60,000 என்றால் ஓடும் மாதத்துக்கு 5,000 இல்லை, 6,000. கரண்டை மட்டும் ஓடும் மாதங்களுக்குத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே வாங்கிப் போட்ட மெஷினுக்கு என்ன விலை எழுதுவது என்பது இன்னொரு கேள்வி. வாங்கிய விலையை மறந்துவிடுங்கள். இன்று விற்றால் என்ன கிடைக்குமோ அதை எழுதி, மீதமுள்ள ஆயுளுக்கு மட்டும் படி 4-ஐ மறுபடி போடுங்கள்.