மாநில எல்லை தாண்டிக் குதிரை கொண்டுபோக: ரத்தப் பரிசோதனையும் காகிதங்களும்

அமெரிக்காவில் குதிரையை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்கு டிரெய்லரில் ஏற்றிப் போக என்னென்ன காகிதம் வேண்டும் என்று தீர்மானிப்பது போய்ச் சேருகிற மாநிலம். அதனால் முதல் போனை அந்த மாநிலத்துக் கால்நடை மருத்துவ அதிகாரியின் அலுவலகத்துக்குப் போடுங்கள். நான்கு கேள்விகள் போதும். காக்கின்ஸ் டெஸ்ட் எனும் ரத்தப் பரிசோதனையை எத்தனை மாதத்துக்குள் எடுத்திருக்க வேண்டும்? ஹெல்த் சர்டிபிகேட் எத்தனை நாள் செல்லும்? நுழைவு அனுமதி எண் தேவையா? நாம் கிளம்பும் மாநிலத்தின் மீது இப்போது தடை ஏதும் இருக்கிறதா? நான்காவது பதில்தான் அடிக்கடி மாறும். தென்மேற்கு மாநிலங்களில் வெசிகுலர் ஸ்டொமடைடிஸ் எனும் வாய்க் கொப்புளத் தொற்றுநோய் தலைகாட்டினால், அங்கிருந்து வரும் குதிரைகளுக்கு மற்ற மாநிலங்கள் உடனே கூடுதல் நிபந்தனை போடும். போன மாதம் பார்த்த இணையப் பக்கத்தை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

காக்கின்ஸ் என்பது ஈ.ஐ.ஏ. எனும் குதிரைத் தொற்று ரத்தசோகை வைரஸுக்கான பரிசோதனை. குதிரை ஈக்கள் கடித்தும், ஒரே ஊசியைப் பல குதிரைகளுக்குப் போடுவதாலும் இது பரவுகிறது. தடுப்பூசியும் இல்லை, மருந்தும் இல்லை. உறுதியானால் கருணைக்கொலை, அல்லது மற்ற குதிரைகளிலிருந்து குறைந்தது 200 கஜம் தள்ளி ஆயுள் முழுக்கத் தனிமை. இவ்வளவு கெடுபிடி அதனால்தான்.

ரத்தத்தை மத்திய அரசின் அங்கீகாரம் பெற்ற கால்நடை மருத்துவர் எடுக்க வேண்டும். பரிசோதிக்கும் லேபுக்கும் அங்கீகாரம் வேண்டும். ஜெல் முறைப் பரிசோதனைக்கு லேபிலேயே 24 முதல் 48 மணி நேரம் ஆகும். கூரியரையும் வார இறுதியையும் கூட்டினால், பயணத்துக்கு 3 வாரம் முன்பே ரத்தம் கொடுத்துவிடுவது நல்லது. பல மாநிலங்களில் முடிவு 12 மாதம் செல்லும்; சில இடங்களில், குறிப்பாக விற்பனைக்கு, 6 மாதம்தான். தாய்ப்பால் குடிக்கும் 6 மாதத்துக்குட்பட்ட குட்டிக்கு, தாயின் முடிவு சரியாக இருந்தால் பெரும்பாலும் விலக்கு உண்டு. இன்னொன்று: தொற்றிய பிறகு, இந்தப் பரிசோதனை தேடும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் தெரிய 60 நாள் வரைகூட ஆகலாம். பூர்வீகம் தெரியாத குதிரையை வாங்கினால், தனியாக வைத்து 60 நாள் கழித்து மறுபடி பாருங்கள்.

சிக்கல் பெரும்பாலும் ரத்தத்தில் வராது, காகிதத்தில் எழுதும் குதிரையின் அடையாளத்தில்தான் வரும். ‘பே நிற (பழுப்பு உடல், கறுப்புப் பிடரி) பெட்டை, நெற்றியில் வெள்ளை’ என்றால் ஆயிரம் குதிரைக்குப் பொருந்தும். இடப்பக்கம், வலப்பக்கம், முகம் மூன்றையும் படம் எடுக்கும் முன் கால்களைக் கழுவிவிடுங்கள். சேறு அப்பிய காலில் வெள்ளைக் குறி குளம்பை ஒட்டி நிற்கிறதா, கணுவைத் தாண்டுகிறதா என்று தெரியாது. குறியே இல்லாத குதிரைக்கு நெற்றிச் சுழி கைகொடுக்கும்: கண் மட்டத்துக்கு மேலா கீழா, ஒன்றா இரண்டா என்று எழுதச் சொல்லுங்கள். இங்கே சுழி பார்ப்பது ராசிக்கு அல்ல. சாம்பல் நிறக் குதிரை வருடத்துக்கு வருடம் வெளுத்துக்கொண்டே வரும். பழைய படம் பொருந்தாது. மைக்ரோசிப் இருந்தால் எண்ணை எல்லாக் காகிதத்திலும் சேருங்கள். ஒன்றில் பதிவுப் பெயரும் இன்னொன்றில் வீட்டில் கூப்பிடும் பெயரும் இருந்தால், சோதனைச் சாவடியில் அது இரண்டு குதிரை.

ஹெல்த் சர்டிபிகேட்டை மருத்துவர் குதிரையை நேரில் பார்த்துத்தான் தர வேண்டும். வழக்கமாக 30 நாள் செல்லும். சேருமிடத்தின் தெரு முகவரியைக் கொடுங்கள், தபால் பெட்டி எண் உதவாது. பலர் மறப்பது திரும்பும் பயணம்: 30 நாள் தாண்டினால், அங்குள்ள மருத்துவரிடம் புதிதாக ஒன்று வாங்கியாக வேண்டும். அடிக்கடி போட்டிகளுக்குப் போகிறவர்கள் 6 மாதம் செல்லும் நீட்டிக்கப்பட்ட சர்டிபிகேட்டைக் கேளுங்கள். அந்த ஏற்பாட்டில் சேர்ந்த மாநிலங்களுக்கு இடையே மட்டும் அது செல்லும், ஒவ்வொரு பயணத்துக்கும் இணையத்தில் அனுமதி எடுக்க வேண்டும்.

மேற்கு மாநிலங்கள் சிலவற்றில் பிராண்ட் இன்ஸ்பெக்‌ஷன் தனி. சூட்டுக்குறியையும் உரிமையாளரையும் அதிகாரி சரிபார்க்கும் இது, உடைமைக்கான சான்று. நோய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. குதிரைக்குச் சூட்டுக்குறி இல்லாவிட்டாலும் வேண்டும். கொலராடோவில் மாநிலத்தை விட்டு வெளியே போகும்போது மட்டுமல்ல, உள்ளேயே 75 மைலுக்கு மேல் கொண்டுபோனாலும் கேட்பார்கள். புதிதாக வாங்கிய குதிரை என்றால் விற்பனை ரசீதும் கையில் இருக்கட்டும்.

வழியில் இருக்கும் மாநிலங்களையும் கணக்கில் எடுங்கள். இரவு தங்கக் குதிரையை இறக்கப்போகிறீர்கள் என்றால், அந்த மாநிலத்து விதியையும் விசாரித்துவிடுங்கள். ஃபுளோரிடாவில் விவசாயச் சோதனைச் சாவடியைப் பார்த்தும் நிற்காமல் போனால் சட்டப்படி குற்றம். காகிதங்கள் ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். போனில் ஒரு நகல், சேருமிடத்துக்கு முன்கூட்டியே ஒரு நகல்.

இறக்கியதும் புதிய குதிரையைப் பழைய குதிரைகளோடு விடாமல், தனித் தண்ணீர்த் தொட்டியோடு 2 வாரமாவது ஒதுக்கி வையுங்கள். காலையும் மாலையும் வெப்பநிலை பாருங்கள், 101.5 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.