கிழக்கு–மேற்கு வரலாறு சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் தமிழில் வரலாற்றுச் சுற்று நடத்தும் தொண்டூழிய வழிகாட்டிகளில் நானும் ஒருவன். போன மாதம் புதியவர்கள் நான்கு பேர் ஒத்திகை பார்த்தார்கள், நான் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவதாகப் பேசிய பெண், "ஆங்கிலத்தில் கேஷ் என்கிறோமே, அது நம்ம காசுதான்" என்று ஆரம்பித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பத்து வருடத்துக்கு முன் நான் சொன்ன அதே வாக்கியம். ஆண்டை மாற்றிச் சொல்வது, பெயரை மறப்பது எல்லாம் இரண்டு சுற்றில் தானாகச் சரியாகிவிடும். இது அப்படிச் சரியாகாது.

ஒலி ஒத்துப்போனால் உறவு ஆகிவிடாது

பத்து வருடத்துக்கு முன் நான் அதைச் சொன்ன அன்று, என் குழுவில் இருந்த பெரியவர் ஒருவர், "தம்பி, அது பிரெஞ்சுச் சொல்லாச்சே?" என்று மெதுவாகக் கேட்டார். அவர் சொன்னது சரி. கையில் இருக்கும் பணத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், பணப்பெட்டியைக் குறிக்கும் 'கெஸ்' என்ற பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. அதற்கும் முன்னால் பெட்டி என்று பொருள்படும் லத்தீன் சொல் இருக்கிறது. நம் காசும் ஆங்கிலத்துக்குள் போனது உண்மைதான், ஆனால் வேறு வாசல் வழியாக. போர்ச்சுகீசியர் வாயில் புகுந்து, தென்னிந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சில்லறை நாணயத்துக்குப் பெயராக அது போய்ச் சேர்ந்தது. எழுத்து ஒன்று, சொல் இரண்டு. நான் பாதியைத் தெரிந்துவைத்துக்கொண்டு முழுதாகப் பேசிவிட்டேன்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அடுத்து, எகிப்தின் செங்கடல் கரையில் உள்ள பெரெனிகே துறைமுகத்தில், ரோமானியர் காலத்துக் கோயில் வளாகத்தில், இந்தியாவில் செய்த ஜாடியில் 7.5 கிலோ மிளகு கிடைத்தது என்று சொன்னேன். அது அகழாய்வில் எடுத்த மிளகு. ஆனால் அன்று யாரும் நம்பவில்லை, 'இதுவும் அந்தக் காசுக் கதை மாதிரிதானோ' என்று முகத்திலேயே தெரிந்தது. அதே கரையில் குசேர் அல்-காதிமில் கிடைத்த பானை ஓட்டில் தமிழ்-பிராமி எழுத்தில் 'பானை ஒறி', அதாவது உறியில் தொங்கும் பானை, என்று இருக்கிறது. சேரர் துறைமுகமான முசிறியோடு நடந்த வணிகத்துக்காகப் போட்ட கடன் ஒப்பந்தம் ஒன்று, 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, பாப்பிரஸ் ஏட்டில் இன்றும் வியன்னாவில் இருக்கிறது. யவனர் கப்பல் "பொன்னொடு வந்து கறியொடு பெயரும்" (கறி என்றால் மிளகு) என்று அகநானூறு சொல்வதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? இவ்வளவு கையில் இருக்க, ஓர் ஒலி ஒற்றுமைக்காக எல்லாவற்றின் மேலும் சந்தேகம் விழவைத்தேனே என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. 'ஒன்'னும் ஒன்றும் ஒரே சொல், கொரியர்களும் அம்மா அப்பா என்கிறார்கள் என்றெல்லாம் கேட்கும்போது இப்போதும் எரிச்சல் வருகிறது. அம்மாவும் அப்பாவும் குழந்தை வாய்க்கு முதலில் வரும் ஒலிகள், உலகம் முழுக்க அப்படித்தான்.

ஒரு சொல்லை எடுத்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தத் திசையில் போனது, எப்போது, யார் வாய் வழியாக? இஞ்சிக்கு மூன்றுக்கும் பதில் உண்டு. இஞ்சிவேர் பாலி மொழியில் சிங்கிவேர ஆகி, கிரேக்கத்தில் ஸிங்கிபெரிஸ் ஆகி, லத்தீன் வழியாக ஆங்கிலத்தில் ஜிஞ்சர் ஆனது. சரக்கோடு சேர்ந்தே பெயரும் பயணம் போயிருக்கிறது. மேற்கிலிருந்து வந்ததையும் சொல்லுங்கள். சாவி, ஜன்னல், அலமாரி மூன்றும் போர்ச்சுகீசியம். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி, போர்ச்சுகீசியர் வழியாக வந்தது. நம்மவர்கள் புதுப் பெயர் தேடாமல், தெரிந்த மிளகோடு காயைச் சேர்த்துக் கூப்பிட்டுவிட்டார்கள். இங்கே நாம் தினமும் கேட்கும் மலாய்ச் சொல் 'கெடாய்' நம் கடை, 'கபால்' நம் கப்பல். வாங்கியதையும் சேர்த்துச் சொன்னால்தான் கொடுத்ததை ஆள் நம்புவார்.

ஒத்திகை முடிந்து காப்பிக் கடையில் உட்கார்ந்தபோது அந்தப் பெண், "அப்போ அண்ணா, காசை விட்டுட்டு இஞ்சியைச் சொல்லவா?" என்று கேட்டார். சொல்லுங்கள், வழியில் உள்ள ஊர் மொழியெல்லாம் சேர்த்துச் சொல்லுங்கள் என்றேன்.

1498-இல் ஆரம்பிக்காதீர்கள்

அந்த ஆண்டு கடல்வழியாக இந்தியா வந்த வாஸ்கோட காமாவோடுதான் கிழக்கும் மேற்கும் முதலில் சந்தித்தன என்பது போலச் சொல்லாதீர்கள். அவர் கோழிக்கோட்டுக்கு அனுப்பிய ஆளை அங்கே எதிர்கொண்டவர்கள் துனிசைச் சேர்ந்த இருவர், அவர்களுக்கு ஸ்பானிய மொழியே தெரிந்திருந்தது.

பட்டுப் பாதை

ஒரே சாலை இல்லை. பெயரைப் பரப்பியதே 1877-இல் ஒரு ஜெர்மானியர்.

நடுவில் இருப்பவர்களை விழுங்காதீர்கள்

ஆசிய நாகரிக அரும்பொருளகத்தில் சீனாவில் தாங் மரபினர் ஆண்ட காலத்துக் கப்பல் ஒன்றின் சரக்கு இருக்கிறது. 1998-இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே கிடைத்தது, ஏறக்குறைய 60,000 பொருள்கள், ஒரு கிண்ணத்தில் 826ஆம் ஆண்டுத் தேதி. புதியவர்கள் "சீனாவிலிருந்து அரபு நாட்டுக்கு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஆணியே அடிக்காமல் கயிற்றால் தைத்த கப்பல் அது, மேற்கு இந்தியப் பெருங்கடல் தச்சர்களின் முறை. சீனச் சரக்கு, மேற்கு இந்தியப் பெருங்கடல் கப்பல், மூழ்கிய இடமோ நம் கடல். பருவக்காற்று திரும்பும்வரை மாதக்கணக்கில் கப்பல்கள் இந்தப் பக்கத்துத் துறைமுகங்களில்தான் காத்துக் கிடந்தன, தண்ணீரும் சோறும் விற்றவர்கள் இங்கே இருந்தவர்கள். இலங்கையின் காலியில் சீனர்கள் நிறுத்திய 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழியில் இருக்கிறது, அந்த ஊர்ச் சிங்களம் அதில் இல்லை. நடுக்கடலில் யாரோடு பேச வேண்டியிருந்தது என்பது அந்த மூன்று மொழியிலேயே தெரிகிறது. கிண்ணங்களுக்கு முன்னால் நிற்கும்போது இதையும் சொல்லுங்கள், இரண்டு நிமிடம் கூடினாலும் பரவாயில்லை.