காலை எண், மாலை எண்: பீக் ஃப்ளோ மீட்டரை வீட்டில் பயன்படுத்துவது எப்படி

நுரையீரல் பரிசோதனை அறையில் "ஊதுங்க, ஊதுங்க, இன்னும் இன்னும்" என்று கத்துவது என் வேலை. ஆஸ்துமாவோடு வருபவர்களில் பலர் சொல்வது ஒன்றுதான்: "இப்ப நல்லாத்தான் இருக்கேன், இன்ஹேலரை நிறுத்திட்டேன்." அவர்களிடம் நான் வாதாடுவதில்லை. இரண்டு வாரம் பீக் ஃப்ளோ மீட்டரில் (ஊதும் காற்றின் உச்ச வேகத்தைக் காட்டும் சிறு கருவி) ஊதிக்கொண்டு வாருங்கள் என்பேன்.

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உட்சுவர் அழற்சியால் வீங்கிக் கிடக்கிறது. ஈசினோஃபில், மாஸ்ட் செல் போன்ற நோயெதிர்ப்புச் செல்கள் அங்கே குவிகின்றன, சளியும் கூடுகிறது. அழற்சி நீடித்தால் குழாயைச் சுற்றியுள்ள தசை தொட்டாற்சுருங்கி ஆகிவிடும். கொஞ்சம் புகை, குளிர்ந்த காற்று, ஒரு பெரிய சிரிப்பு போதும், சுருங்கிவிடும். இந்த மிகைத் தூண்டலை எங்கள் அறையில் மெத்தாகோலின் என்ற, குழாயைச் சுருங்க வைக்கும் மருந்தை உள்ளிழுக்கக் கொடுத்து அளப்போம். முதல் நொடியில் ஊதித் தள்ளும் காற்று 20 சதவீதம் குறைய எவ்வளவு மருந்து தேவைப்படுகிறது என்று பார்ப்போம். ஆஸ்துமா இல்லாத பெரும்பாலோருக்கு ஒரு மில்லிலிட்டரில் 16 மில்லிகிராம் என்ற செறிவு வரை போனாலும் அவ்வளவு குறையாது. தீவிரமானவர்களுக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழேயே குறைந்துவிடும்.

வீட்டில் இந்தச் சோதனையைச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஆனால் இப்படித் துள்ளும் குழாய் ஒரே நாளுக்குள் அகலம் மாறும், விடியற்காலையில் மிகவும் குறுகும். அந்த ஏற்ற இறக்கத்தை மீட்டரில் பார்த்துவிடலாம்.

எழுந்து நில்லுங்கள். முள்ளைப் பூஜ்ஜியத்துக்குத் தள்ளுங்கள். விரல் முள்ளின் பாதையை மறிக்கக்கூடாது. மூச்சை முழுக்க இழுத்து, உதட்டால் குழலை இறுக்கிப் பிடித்து, ஒரே வீச்சில் வெடுக்கென்று ஊதுங்கள். நீளமாக ஊத வேண்டாம், வேகம்தான் முக்கியம். நாக்கு குழலின் வாயில் நிற்கக்கூடாது. எச்சில் துப்புவதுபோல ஊதினால் எண் பொய்யாக ஏறும் (சிலர் இதில் கைதேர்ந்தவர்கள்!). மூன்று முறை ஊதி, அதிகமான எண்ணை எழுதுங்கள். சராசரி வேண்டாம். மூன்றும் ஒன்றுக்கொன்று வெகுவாக விலகினால் ஊதும் முறையைச் சரிசெய்துகொள்ளுங்கள். காலையும் மாலையும், இன்ஹேலர் எடுப்பதற்கு முன்பு, எப்போதும் அதே மீட்டரில். மீட்டரை மாற்றினால் எண்ணும் மாறும்.

கணக்கு சுலபம். காலை 320, மாலை 400 என்றால் வித்தியாசம் 80, இரண்டின் சராசரி 360. 80-ஐ 360-ஆல் வகுத்தால் சுமார் 22 சதவீதம். தினமும் இப்படிக் கணக்கிட்டு, இரண்டு வாரத்துக்குச் சராசரி பாருங்கள். பெரியவர்களுக்கு 10 சதவீதத்தையும் குழந்தைகளுக்கு 13 சதவீதத்தையும் தாண்டினால் ஏற்ற இறக்கம் அதிகம் என்று அர்த்தம். காலை 390, மாலை 400 என்றால் 3 சதவீதம்கூட இல்லை. குழாய் அமைதியாக இருக்கிறது.

"நல்லாத்தான் இருக்கேன்" என்பவரின் தாளில் 22 வந்தால்தான் பேச்சு சூடுபிடிக்கும். தடுப்பு ஸ்டீராய்டு இன்ஹேலரைத் தொடங்கினால் இளைப்பு சில நாட்களிலோ வாரங்களிலோ தணியும். மிகைத் தூண்டல் குறைய மாதக்கணக்கில் ஆகும். இந்த இடைவெளியில்தான் ஆட்கள் மருந்தை நிறுத்துகிறார்கள். நிவாரண இன்ஹேலர் மட்டும் போதும் என்பதும் சரிவராது. அதிலுள்ள சல்புட்டமால் தசையைத் தளர்த்தும், அழற்சியைத் தொடாது. மருந்தைக் குறைப்பதை மருத்துவரோடு பேசி, எண்களை வைத்து முடிவு செய்யுங்கள்.

சளிக்காய்ச்சல் வந்த பிறகு எண்கள் சில வாரம் ஆடும். அதைப் பக்கத்தில் குறித்துவையுங்கள்.

நன்றாக இருக்கும்போது வரும் உங்கள் உச்ச எண்ணில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால், மருத்துவர் தந்த திட்டப்படி நடங்கள். 50 சதவீதத்துக்குக் கீழே போனால் நிவாரண இன்ஹேலரை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலமாகிறது என்றால் மீட்டரைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

நாள்பட்ட புகைப்பழக்கத்தால் வரும் சிஓபிடி என்ற மூச்சுக்குழாய் அடைப்பு நோய்க்கு இந்த மீட்டர் அவ்வளவு உதவாது; ஊதும் காற்றின் அளவையும் வேகத்தையும் அளக்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை வேண்டும். இன்னொரு வகையும் உண்டு: ஈசினோஃபிலிக் பிராங்கைட்டிஸ். அழற்சி இருக்கும், இருமல் விடாது, ஆனால் மிகைத் தூண்டல் இருக்காது. எண்கள் ஆடாமல் நேராக இருந்தும் இருமல் நிற்கவில்லை என்றால், சளிப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

அப்புறம், ஊத விட்டுப்போன நாளின் இடத்தைத் தாளில் காலியாகவே விடுங்கள். மருத்துவரைப் பார்க்கும் அன்று காலையில் உட்கார்ந்து நிரப்பிய தாள் எங்களுக்குத் தெரிந்துவிடும்: ஒரே பேனா, எல்லா எண்ணும் 400.